ஓடாத காருக்கு ஒம்பது பூட்டு

சித்தெ இப்பிடி வந்து உக்காரு கண்ணு. விடிஞ்சா ஏழு மணி பஸ்ஸுக்கு நான் ஊருக்குப் பொறப்படறேன். அதுக்கு முன்னால ரெண்டு வார்த்தை பேசோணும். மொகத்தை அப்பிடி வெச்சுக்காதே, காடு தோட்டம் பாகம் பிரிக்கற பேச்செல்லாம் இல்லை. உன்ற கண்ணாடி பீரோவைப் பத்தித்தான்.

கண்ணுல பொரை எடுத்து, ஒரு கண்ணை மூடிக் கட்டி, 11 நாளா அந்த ரூமுலயே என்னையப் படுக்க வெச்சீங்க. கட்டிலுக்கு எதுத்தாப்புல பீரோ. உள்ளுக்குள்ள லைட்டு வேற. ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா, அத்தனை ரேஸ் காரும் மூஞ்சிய என்ற பக்கந் திருப்பிக்கிட்டு, கொடியாட்டினாப் பாஞ்சுபோடறாப்புல நிக்குது. வேற சோலி இல்லாம ஒத்தைக் கண்ணுலயே எண்ணிப் பாத்தேன். 112. காலைல காப்பி கொண்டாந்த அம்மிணிகிட்ட, "எத்தனை காரு இருக்கும் சாமி?"ன்னு ஒண்ணுந் தெரியாதவனாட்டம் கேட்டேன். "நாப்பது இருக்குமுங்க அப்புச்சி, அவரு அப்பிடித்தான் சொன்னாரு"ன்னுச்சு. நான் பேசாம காப்பியக் குடிச்சுக்கிட்டேன்.

காட்டிக் குடுக்கறவன் நானில்லை. ஆனா உன்ற கணக்கு எனக்குப் புரிஞ்சுபோச்சு. "இதென்ன அளவு கண்ணு?"ன்னு கேட்டப்ப, "1:43 அப்புச்சி, நெசக் காரை 43 பங்காக்கி அதுல ஒரு பங்கு"ன்னு வெளக்கஞ் சொன்னே. அன்னிக்குப் பொழுதோட கூரியர்க்காரன் வந்துட்டுப் போன பொறவு, அம்மிணிகிட்ட நீ சொன்ன விலையும் என்ற காதுல உளுந்துது. காரை மட்டுமா சுருக்கறே? விலையையுமல்லோ அதே அளவுக்குச் சுருக்கி ஊட்டுக்குள்ள கொண்டாறே! பெரியவன் ஒரு யோசனை சொல்றேன், கேளு. 43 நெம்ப அதிகம். பொண்டாட்டிகிட்டச் சொல்லற விலைய 1:18-க்குக் கொண்டா. நம்பறாப்புல இருக்கும்.

அதென்ன கணக்கு 43-ன்னு எனக்குக் கொடைச்சல். நீ ஆபீசுக்குப் போன பொறவு உன்ற தடிப் புஸ்தகத்தை எடுத்து உன்ற பொடியன்கிட்டக் குடுத்து, ரெண்டு பேரும் பொம்மை பாத்தோம். பொம்மைக்கு அடியில இருக்கறதையும் நான் எழுத்துக் கூட்டிப் படிச்சேன். லிவர்பூல்ல ஹார்ன்பின்னு ஒரு மனுசன். சாவி குடுத்தா ஓடற பொம்மை ரயில் பண்ணி வித்தவரு. அந்த ரயிலுல ஒரு அடிக்கு 7 மில்லிமீட்டர்னு கணக்கு. வகுத்துப் பாரு, நாப்பத்தி மூணரை வரும். ரயில் இருந்தா ஸ்டேசன் வேணும், ஸ்டேசன் இருந்தா வாசல்ல ஆளு வேணும், காரு வேணுமல்லோ? அதுக்குத்தான் 1933-ல குட்டிக் காரு வார்க்க ஆரம்பிச்சாங்க. அடுத்த வருசம் டிங்கின்னு பேரு வெச்சாங்க. ஆகக்கூடி, 43-ங்கறது ரயிலடியில ஒரம்பரைக்குக் காத்துக்கிட்டு நிக்கறதுக்குன்னே பொறந்த அளவு. உன்ற காருக 112-ம் இன்னைக்கு வரைக்கும் ஏன் நின்னுக்கிட்டே இருக்குதுன்னு எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு.

அந்தப் புஸ்தகத்துல எனக்குப் புடிச்ச ஆளு ஒருத்தருதான். ஜாக் ஓடெல். லண்டன்ல டை-காஸ்டிங் பண்ணிப் பொழச்ச மனுசன், நம்ம தொழில்காரரு. அவரு புள்ள படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு சட்டம். தீப்பெட்டிக்குள்ள அடங்கற சாமானா இருந்தாத்தான் வெளையாடக் கொண்டாரலாம். இவரு என்ன பண்ணினாரு, ரோட்டு ரோலர் ஒண்ணைப் பித்தளையில தீப்பெட்டிக்குள்ள அடங்கறாப்புலப் பண்ணிக் குடுத்துட்டாரு. பொறவு அதுவே மேட்ச்பாக்ஸ்னு கம்பெனிச் சரக்காயிருச்சு. 1953-ல ராணி எலிசபெத்துக்கு முடி சூட்டினப்ப இவரு வார்த்த குட்டிச் சாரட்டு வண்டி பத்து லச்சத்துக்கு மேல வித்துச்சு. எந்த வண்டியா இருந்தாலும் பெட்டிக்குள்ள அடங்கினாச் செரி. அதனால லாரியும் காரும் ஒரே நீளம்! எங்க பவுண்டரியில பேட்டர்ன் அடிக்கற ஆசாரி அப்பிடி அடிச்சிருந்தா ஓனரு தொரத்தியிருப்பாரு.

வேடிக்கை இனிமேத்தான். அந்தத் தீப்பெட்டிக் காரை ஜோப்புல போட்டுக்கிட்டு அலைஞ்சு, மண்ணுல உருட்டி, சாயம் உரிச்சு, அக்குவேறு ஆணிவேறாக்கின பையனுக ஆயிரம் இருப்பான். ஒருத்தன் மட்டும் பெட்டியத் தொறக்கவே இல்லை. கஞ்சன், இல்லாட்டி காய்ச்சல்ல படுத்தவன். இன்னைக்கு அந்தப் படுத்தவன் காருக்குத்தான் மவுசாமல்லோ! பெட்டி நசுங்காம, மூலை மடங்காம இருக்கோணுமாம். நம்மூருல பொண்ணு பாக்கப் போனா மூக்கு முழியப் பாப்பாங்க. நீங்க மணவறையப் பாத்து வெலை பேசறீங்க.

இதை விடக் கூத்து அமெரிக்காவுல. 1968-ல மேட்டல் கம்பெனி ஹாட் வீல்ஸ்னு எறக்குச்சு. மெல்லிசுக் கம்பியில அச்சு, தடத்துல விட்டா வெசையா வழுக்கிக்கிட்டு ஓடும். நெசமான ஓட்டக்காரனுக அவனுகதான். அடுத்த வருசம் பின்னால கண்ணாடி வழியாப் பலகை சொருகற வேன் ஒண்ணு மாதிரிக்குப் பண்ணிப் பாத்தாங்க. ஒடம்பு ஒல்லி, தலை கனம். தடத்துல விட்டாக் கவுந்துச்சு, தள்ளிவிடற மிசின்லயும் சிக்கலை. ஆகாதுன்னு ஒதுக்கிட்டு, வேற மாதிரி அகலமாப் பண்ணிக் கடைக்கு அனுப்பினாங்க. அந்த ஒதுக்கின ஒல்லி வேன் இளஞ்சிவப்புல ஒண்ணு தப்பிச்சு வந்து, இன்னைக்கு லச்சம் டாலருக்கு மேல மதிப்பாம்! ஓட லாயக்கில்லைன்னு தள்ளினதுக்கு உச்ச வெலை. இது தெரிஞ்சிருந்தா எங்க தோட்டத்துச் செவலைக் காளைய நான் சந்தைக்கே அனுப்பியிருக்க மாட்டேன்.

ஊரானுகளை மட்டும் ஏன் சொல்லோணும், உன்ற பீரோவையே பாப்போம். மேல் தட்டுல செவப்பும் வெள்ளையுமா மூணு மெக்லாரன். எம்.பி. 4/4-ன்னு பேரு சொன்னே. 1988-ல 16 ரேஸ், அதுல 15 ஜெயிச்சுதாம். ஓட்டினவிகள்ல சென்னா எட்டு, ப்ராஸ்ட் ஏழு. சபாஷ். ஒண்ணு சென்னா காரு, ஒண்ணு ப்ராஸ்ட் காரு. செரி, மூணாவது? "அது மோன்சாவுல தோத்த காரு அப்புச்சி"ங்கறே! முடிய ரெண்டே சுத்து இருக்கறப்ப, சுத்துல பின்தங்கி ஓடிக்கிட்டிருந்த வில்லியம்ஸ் காரைத் தாண்டறப்ப அது மேல சென்னா மோதி நின்னுட்டாராம். பெராரி ரெண்டும் மொதலும் ரெண்டாவதுமா வந்துச்சாம், அவிக மொதலாளி என்சோ பெராரி செத்து ஒரு மாசங்கூட ஆகலையாம். கதைய நீ சொன்னப்ப உன்ற கண்ணு கலங்குச்சு. உன்ற கலியாணத் தேதிய மறந்துபோட்டு அம்மிணிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டவன் நீ. மோன்சாவுல எத்தனாவது சுத்துன்னு கரெக்டாச் சொல்றே.

அந்த மூணு காரையும் பாக்கறப்ப எனக்கு இன்னொரு ஞாபகம் வருது. நான் வந்த மொத நாளு, என்ற ஜோப்புல இருந்த பீடிக்கட்டை எடுத்துக் குப்பையில வீசினியல்லோ? "இந்த ஊட்டுல புகையிலைக்கு எடமில்லை அப்புச்சி"ன்னு கையக் கட்டிக்கிட்டு நின்னே. நல்லது. ஒம்பதாம் நாளு ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் பாத்தா, மேசை லைட்டுக்கடியில, கண்ணுல லென்சு மாட்டிக்கிட்டு, கிண்ணத்துல தண்ணி வெச்சு, சாமணத்துல எதையோ கிள்ளிக் கார் மேல ஒட்டிக்கிட்டிருக்கறே. சிகரெட்டுப் பேரு! வெளம்பரத்துக்குத் தடைங்கறதால கம்பெனிக்காரன் அந்தப் பேரை உட்டுட்டு வெறும் பட்டையாத்தான் அனுப்பறானாம். நீங்க தனியா ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினாத்தான் காரு "நெசமாகுமாம்". 1968-ல லோட்டஸ் காரு சிகரெட்டுக் கம்பெனி சாயத்தைப் பூசிக்கிச்சு, 1972-ல கறுப்பும் தங்கமுமா முழுசாச் சிகரெட்டுப் பொட்டியாவே ஆயிருச்சுன்னு நீதான் சொன்னே. என்ற ஜோப்புல இருந்தது கணேஷ் பீடி. அதைக் குப்பையில போட்டுட்டு, மார்ல்பரோவுக்கு ராக்கண்ணு முழிக்கறே. புகைச்சு இருமறவனாவது காசு குடுத்துப் புகையக் கண்டான்.

கோவிச்சுக்காதே. இன்னொண்ணு கேக்கோணும். மூணாந் தட்டுல ஒரு போர்டு காரு, 1966-ல லெ மான்ஸ்ல 24 மணி நேரம் ஓடி ஜெயிச்சது. மேலெல்லாம் புழுதி, சேறு. பாவம், தொடைக்கலாம்னு வேட்டித் தலைப்பை எடுத்தேன். நீ வாசப்படியில இருந்து "அப்புச்சீ!"ன்னு போட்ட சத்தத்துல என்ற கட்டே அவுந்திருக்கும். அழுக்கு கம்பெனியே பூசினதாம்! சுத்தமா ஒண்ணு விப்பாங்க, ரேஸ் முடிஞ்ச அழுக்கோட ஒண்ணு விப்பாங்க, அழுக்குக்கு விலை எச்சு. கண்ணு, செட்டிபாளையம் ரோட்டுல ஒரு மழை பேஞ்சு ஓயட்டும், உன்ற 112 காருக்கும் நான் சும்மாவே பூசித் தாரேன்.

சிரிக்கிறேன்னு தொழிலைக் கொறைச்சு மதிக்கறேன்னு நெனைக்காதே. 30 வருசம் பவுண்டரித் தூசிய முழுங்கினவன் நான். அந்த ஜெர்மன்காரன் காரு, சி.எம்.சி-ன்னியே, கம்பிச் சக்கரத்துல கம்பி ஒவ்வொண்ணாக் கையில கோத்தது, உள்ளுக்குள்ள ஆயிரத்துக்கு மேல உறுப்பு, அதைக் கையில வாங்கினப்ப எனக்கு மூச்சே நின்னுபோச்சு. மூடிய நெகத்துல தூக்கிப் பாத்தா பெட்ரோல் குழாய்க்குக் கூடக் கிளிப் போட்டிருக்கறான். அது வேலை. பதினெட்டுல ஒரு பங்குக்கு அந்த வேலை பண்ணறவன் கைய எடுத்துக் கும்பிடலாம். ஆனா 43-ல நீ அடுக்கி வெச்சிருக்கறது பாதி பிசின் வார்ப்பு. இரும்பு டை வெட்ட ஏகப்பட்ட காசு ஆகும், ஆயிரக்கணக்குல வித்தாத்தான் கட்டும். ரப்பர் அச்சு சல்லிசு, ஆனா கொஞ்சம் வார்த்ததுமே கிழிஞ்சுபோகும். அதுக்குத் தகுந்தாப்புல கொஞ்சமா வார்த்து, லெ மான்ஸ்ல ஓடின 60 சொச்சம் காருல பாதியில நின்னுபோனதையும் விடாமப் பண்ணிப்போடறாங்க. ஜெயிச்சவனை வாங்கறதுக்கு ஊரே இருக்குது, புகை கக்கி நின்னவனை வாங்கறதுக்கு நீ இருக்கறே. கதவும் தொறக்காது, மூடியும் தொறக்காது. பாத்துக்க வேண்டியதுதான்.

வார்ப்புன்னதும் ஒண்ணு சொல்லிப்போடறேன், இது மட்டும் வெளையாட்டில்லை. பழைய காரு வாங்கறதா இருந்தாக் காதுல போட்டுக்க. இந்தக் குட்டிக் காருக இரும்பில்லை, ஜிங்க். துத்தநாகத்துல நூத்துக்கு நாலு பங்கு அலுமினியம் சேத்து வார்க்கறது. 400 டிகிரிக்குள்ளயே எளகிரும். அலுமினியத்துக்கு 660 வேணும். சூடு கம்மிங்கறதால டையும் நாள்பட உழைக்கும், சின்னச் சின்ன வரி கூடத் தெளிவா விழும். நல்ல சரக்கு. ஆனா மகா ரோசக்காரச் சரக்கு. 100 கிலோ உருக்கற கொப்பரையில பத்து கிராம் ஈயம் உளுந்தாப் போதும், அதுவே எச்சு. அன்னிக்கு ஒண்ணுந் தெரியாது. பளபளன்னு வெளிய வரும், சாயம் பூசிக் கடைக்குப் போகும். பத்து வருசம், இருபது வருசம் கழிச்சு, ஈரக் காத்துப் படப் பட உள்ளுக்குள்ளயே அரிக்கும். மசிரு கனத்துக்குக் கோடு விடும், சாயம் பொரிப் பொரியாத் தூக்கும், ஒடம்பு பெருக்கும், கோணும், கடைசில தொட்டா உதிரும். மருந்து கெடையாது. உலகச் சண்டைக்கு முந்தி, 1930-கள்ல வார்த்த டிங்கி காருக நெறையா அப்பிடித்தான் போச்சு. எங்க பட்டறையில பழைய சாமான் கடைச் சரக்கை ஒட்டுக்காக் கொட்டி உருக்கினப்ப, இந்தக் கூத்தை நானே கண்ணால பாத்திருக்கறேன். அதனால, பழசுன்னு ஒருத்தன் நீட்டினா, மொதல்ல சக்கரம் சுத்துதா பாரு, கோடு விட்டிருக்குதா பாரு, வெளிச்சத்துல சாச்சுப் பாரு. சொன்னதை மறந்துபோடாதே.

மறக்கறதுன்னதும் கேக்கறேன். இங்கிருந்து செட்டிபாளையம் எத்தனை தூரம்? நம்ம கோயமுத்தூருக்காரரு கரிவரதன், மாருதி எஞ்சினை வெச்சு ஒத்தை ஆளு ரேஸ் காரு பண்ணி நம்ம பசங்களை ஓட விட்டவரு. அவரு பேருல 2003-ல இருந்து அங்க ரேஸ் தடமே இருக்குது. சத்தம் காத்துவாக்குல எங்க தோட்டத்துக்கே கேக்கும், மாடு காதை வெறைக்கும். நீ எத்தனை தரம் போயிருக்கறே? ஒரே தரம். வெயிலு, தூசின்னு பாதியில வந்துட்டே. ஊட்டுல 112 ரேஸ் காரு, ரேஸு மட்டும் ஒவ்வாது! 2005-ல நம்மூரு நரேன் கார்த்திகேயன் மஞ்சள் ஜோர்டான் காருல உலகத்து ரேஸுக்கே போனாரல்லோ. அமெரிக்காவுல டயர் தகராறுல 14 காரு ஒதுங்கிப்போக, ஆறே காரு ஓடின ரேஸுல நாலாவது வந்தாரு. ஆறுல நாலுன்னு அன்னைக்குச் சிரிச்சவனுக உண்டு. ஓடினவனுக்குத்தான் அஞ்சு பாயிண்ட்டு, ஒதுங்கினவனுக்கு ஒண்ணுமில்லை. மோன்சாவுல தோத்தவனுக்கு உன்ற பீரோவுல எடமிருக்குது. பக்கத்துத் தெருவுக்காரனைக் காணோம். நாளைக்கே வாங்கறேன்னு போனைத் தூக்காதே, அம்மிணி கூடத்துலதான் இருக்குது.

பொடியனைப் பத்தியும் சொல்லிப்போடறேன். நாலு வயசுக் கொழந்தைக்கு அந்த ரூமுல காலெடுத்து வெக்கத் தடை. கண்ணாடிய மூக்கால தொட்டாலே, நீ துணியும் கையுமா ஓடியாறே. அவன்கிட்ட ஒரே ஒரு ஹாட் வீல்ஸ், சாயம் போனது, ஒரு சக்கரம் கோணல். அதை வெச்சுக்கிட்டு அவன் சோபா, கட்டில், என்ற முதுகு, சப்பாத்திக் கட்டைன்னு ஒரு நாளைக்கு நூறு ரேஸ் விடறான். பாத்து எனக்கு மனசு கேக்கலை.

ஏழாம் நாளு மத்தியானம், நீ ஆபீசுல, அம்மிணி தூக்கத்துல. பீரோச் சாவி பிரிட்ஜு மேல டீத்தூள் டப்பாவுலன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும். இரு, இரு, எந்திரிக்காதே. கையொறை போட்டுக்கிட்டுத்தான் எடுத்தோம். பொடியன் கைக்கு உன்ற சாக்ஸு. அந்த ஆறு சக்கரக் காரைத்தான் எடுத்தோம், நீலக் கலரு டைரல். அதென்னமோ மொத நாள்ல இருந்தே என்ற ஒத்தைக் கண்ணு அது மேலயே இருந்துச்சு. முன்னால நாலு குட்டிச் சக்கரம், பின்னால ரெண்டு பெருசு. முன்சக்கரம் பெருசா இருந்தாக் காத்து மோதி இழுக்குதுன்னு, பத்து அங்குலத்துக்குச் சிறுசாக்கி மூக்குக்குப் பின்னால ஒளிச்சுவெச்சான். பிடிமானம் பத்தாதேன்னு ரெண்டை நாலாக்கினான். எத்தனை தைரியம்! சக்கரம் டிரைவருக்குத் தெரியறதுக்குப் பக்கத்துல குட்டி ஜன்னல் வேற. 1976-ல சுவீடன்ல மொத எடம், ரெண்டாம் எடம் ரெண்டும் இதுதான். பொறவு குட்டி டயருக்கு டயர்க்காரன் மெனக்கெடலை, வண்டி படுத்துருச்சு. கொஞ்ச வருசத்துல நாலு சக்கரத்துக்கு மேல கூடாதுன்னு சட்டமே போட்டாங்க. கெட்டிக்காரனுக்குச் சட்டம் போட்டுத்தானே அடக்குவாங்க.

கூடத்து டைல்ஸுல, பூஜை ரூமு வாசல்ல இருந்து வாசிங் மிசின் வரைக்கும் மூணு ரேஸ் விட்டோம். பொடியன் ரெண்டு ஜெயிச்சான், நான் ஒண்ணு. கீறல் இல்லை, லென்சு வெச்சே பாத்துக்க. ஒண்ணு மட்டும் சொல்றேன், அது சித்தெ எடது கைப்பக்கம் இழுக்குது. அலைன்மென்ட் பாத்துக்கோணும். காருன்னா உருட்டிப் பாத்தாத்தான் தெரியும், உன்னையாட்டம் முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தாத் தெரியுமா?

இப்ப விசயத்துக்கு வாரேன். எங்கூட்டு அட்டாலியில, எங்கய்யன் காலத்துத் தகரப் பொட்டியில ஒரு சாமான் கெடக்குது. எங்கய்யன் மில்லு மொதலாளி பங்களாவுல வண்டியோட்டினவரு. அந்த ஊட்டுப் பையன் வெளையாடிச் சலிச்சுத் தூக்கிக் குடுத்தது. டிங்கி. ரேஸ் காரு. சண்டைக்கு முந்தினது! கண்ணு விரியுதல்லோ? பெட்டி கேக்காதே, அந்தக் காலத்துல அனேகமாத் தனித்தனிப் பெட்டி கெடையாது, ஆறு காரு ஒட்டுக்கா ஒரே அட்டைப் பெட்டியில கடைக்கு வரும். உன்ற புஸ்தகத்துலயே போட்டிருக்குது. அதை உனக்கே குடுத்துப்போடலாம்னு இருக்கறேன். உன்ற மாமனுக்குக் குடுத்தா எடைக்குப் போட்டுருவான்.

என்ன, நெம்ப வயசாயிருச்சு பாரு, வயசானவிகளுக்கு ஆகறாப்புலச் சித்தெ ஒடம்பு பூசியிருக்குது. சக்கரமும் கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் விட்டாச் செரியாயிரும். மேல ரெண்டு கோடு இருக்குது, எங்கய்யன் கையெழுத்துன்னு வெச்சுக்கயேன். அட்டாலி சித்தெ ஓதம், அவ்வளவுதான். நோம்பிக்கு வரப்ப எடுத்துக்க. மெதுவா எடு.

பதிலுக்கு நீ ஒண்ணும் தர வேண்டியதில்லை. அந்த ஆறு சக்கரத்தைத் தேடிக்கிட்டு பீரோ முன்னால மட்டும் நிக்காதே. அது பொழுது சாயறப்பவே என்ற மஞ்சப் பையில, ரெண்டு வேட்டிக்கு நடுவால ஏறி உக்காந்துருச்சு. அம்மிணிக்குத் தெரியும். எத்தனை காருன்னு கேட்டுச்சு, நாப்பதுல ஒண்ணு போனா முப்பத்தொம்பதுன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.